மணலறிந்த பாதம்

திருகோணமலையின் டச்சுக் குடாவிலோ உப்புவெளியிலோ கரைவலை இழுபடும் நேரத்தில், இழுப்பவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கால்களைக் கவனியுங்கள். கயிற்றின் பாரத்துக்கு உடல் பின்னால் சாய, குதிகால் முதலில் மணலுக்குள் இறங்குகிறது. அடுத்த கணமே ஐந்து விரல்களும் விரிந்து மணலைக் கவ்வுகின்றன. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரிகிறது. மணல் சரிந்தால் விரல்கள் இன்னும் ஆழமாய்ப் பிடிக்கின்றன. நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து செருப்பில்லாமல் கரையில் வளர்ந்த பாதம் அது. முன்பக்கம் அகலமாகவும் விரல்கள் நேராகவும் இருக்க, உள்ளங்கால் தோல் தடித்துப் போயிருக்கும்.

இந்தப் பாதத்தை அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு வகைச் சப்பாத்து உலகச் சந்தையில் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் அதை வெறுங்கால் சப்பாத்து என்கிறார்கள். அடியில் சில மில்லிமீற்றர் இறப்பர் மட்டும் இருக்கும், மெத்தை கிடையாது. குதிப்பக்கமும் விரல்பக்கமும் ஒரே உயரம். விரல்கள் விரிய முன்னால் இடம் உண்டு. கையால் சுருட்டிவிடலாம். வழமையான ஓட்டச் சப்பாத்திலோ குதிப்பக்கம் முன்பக்கத்தைவிடப் பத்து மில்லிமீற்றரளவு உயர்ந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் ஒரு சோடிக்கு ஒரு கடற்றொழிலாளியின் பல நாள் கூலி போய்விடும். விடியலில் உட்துறைமுக வீதியிலும் மக்கெய்சர் மைதானத்திலும் ஓடுகிற ஒருவருக்கு அந்தச் செலவு தகுமா?

தகும், ஆனால் எல்லாருக்கும் அல்ல, எல்லாத் தூரத்துக்கும் அல்ல என்பதே என் பதில். எந்தச் சப்பாத்து என்பதைவிட, அதற்குள் போகும் கால் எப்படி வளர்ந்தது என்பதுதான் இங்கே பெரிய விடயம். அதைச் சொல்லப் பாதத்துக்குள்ளேயே போக வேண்டும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவை சேர்ந்து குதியிலிருந்து விரல்வரை ஒரு வளைவாய் நிற்கின்றன. ஓடும்போது உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை ஒவ்வோர் அடியிலும் அந்த வளைவின் மேல் இறங்குகிறது. வளைவு சற்றுத் தட்டையாகி, அடியிலுள்ள இழைகள் இழுபட்டு, கால் மேலெழும்போது மீண்டும் சுருங்கி வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கின்றன. இங்கிலாந்தில் மக்நீல் அலெக்சாண்டரும் சகாக்களும் இதை 1987இல் அளந்தார்கள். ஓட்டத்தில் ஓர் ஊன்றலின்போது கைமாறும் சக்தியில் ஏறத்தாழ 17 சதவீதத்தைப் பாத வளைவும், 35 சதவீதத்தைக் குதிகாலுக்கு மேல் புடைத்து நிற்கும் குதிநாணும் சேமித்துத் தருகின்றன. எந்தத் தொழிற்சாலையிலும் செய்யாத வில் ஒன்று நம் காலுக்குள் இருக்கிறது.

இந்த நீள வளைவை மட்டும்தான் வெகுகாலம் எல்லாரும் பார்த்தார்கள். பாதத்துக்குக் குறுக்கே, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு, இன்னொரு வளைவு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2020இல் 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு ரூபாய்த் தாளின் ஒரு முனையைப் பிடித்து நீட்டினால் மறுமுனை தொங்கிவிடும். பிடித்த முனையைக் குறுக்கே சற்று வளைத்தால் தாள் முழுவதும் விறைத்து நிற்கும். பாதத்திலும் அதுவே நடக்கிறது. பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தக் குறுக்கு வளைவின் கொடை என்று அவர்கள் காட்டினார்கள். கரைவலைக் கயிற்றுக்கு எதிராக ஒரு மனிதப் பாதம் மடங்காமல் நிற்கிறதென்றால் அதில் இந்த வளைவுக்கும் பங்குண்டு.

வெங்கடேசனின் பெயர் இந்தக் கதையில் பத்து ஆண்டுகளுக்கு முன்பே வருகிறது. 2010 சனவரியில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் டானியல் லீபர்மன் தலைமையில் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். வெறுங்காலோடு ஓடி வளர்ந்த கென்யர்களையும் சப்பாத்தோடு ஓடும் அமெரிக்கர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். சப்பாத்துக்காரர்களில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றினார்கள். வெறுங்கால்காரர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் வைத்து, பிறகே குதியை இறக்கினார்கள். வெறுங்குதி தரையில் மோதும்போது உடலுக்குள் சடாரென ஓர் அதிர்ச்சி ஏறும். முன்பாதம் முதலில் பட்டால் கணுக்காலும் கெண்டைத் தசையும் அந்த மோதலை வாங்கிக்கொள்வதால் அந்தக் கூர்மையான அதிர்ச்சி காணாமல் போகிறது. தடித்த மெத்தை இருந்தால் குதி மோதினாலும் வலிப்பதில்லை; அதனால்தான் சப்பாத்துக்காரருக்கு அப்படி ஓடுவது இயல்பாகிவிடுகிறது.

லீபர்மனின் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 2009இல், கிறிஸ்டபர் மெக்டூகல் மெக்சிக்கோ மலைகளில் மெல்லிய செருப்போடு நெடுந்தூரம் ஓடும் தாராஹுமாரா மக்களைப் பற்றி எழுதிய நூல் பரபரப்பாக விற்றிருந்தது. இரண்டும் சேர, அமெரிக்காவில் பலர் மெத்தைச் சப்பாத்தைக் கழற்றினார்கள். இத்தாலிய நிறுவனமான வைப்ரம், ஐந்து விரலுக்கும் தனித்தனிப் பை வைத்த சப்பாத்தை விற்றது. அது கால் தசைகளை வலுவாக்கும், காயங்களைக் குறைக்கும் என்று விளம்பரம் சொன்னது. போதிய அறிவியல் ஆதாரம் இல்லாமல் சொன்னதாக வழக்கு வந்தது. 2014இல் குற்றத்தை ஏற்காமலே அந்நிறுவனம் 37.5 இலட்சம் டொலர் ஒதுக்கி இணக்கத்துக்கு வந்தது.

கென்யாவிலிருந்தே மறுபக்கமும் வந்தது. வடக்குக் கென்யாவின் தாசனச் மக்களும் வெறுங்காலோடு வாழ்பவர்கள்தான். அவர்களில் 38 பேரை ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. வசதியான நெடுந்தூர வேகத்தில் ஓடியபோது 72 சதவீத ஊன்றல்கள் குதிகாலில்தான் தொடங்கின. வேகம் கூடியபோதுதான் நடுப்பாதமும் முன்பாதமும் முந்தின. வெறுங்கால் என்றாலே முன்பாதம் என்ற விதி இத்தோடு தளர்ந்தது. வேகம், தரை, பழக்கம், ஓடும் தூரம் எல்லாம் சேர்ந்து காலின் முடிவை மாற்றுகின்றன. மணலில் பின்னோக்கி நடக்கும் கரைவலைக்காரரின் கால் ஒரு வழியில் ஊன்றும். அதே கால் தார் வீதியில் பேருந்தைப் பிடிக்க ஓடும்போது வேறு வழியில் ஊன்றும்.

அந்த ஆண்டிலேயே வந்த இன்னோர் ஆய்வைத்தான் மெல்லிய சப்பாத்து வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா ரிட்ஜும் சகாக்களும் அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களை எடுத்தார்கள். 19 பேர் பத்து வாரங்களில் படிப்படியாக ஐவிரல் சப்பாத்துக்கு மாறினார்கள். மற்றவர்கள் பழைய சப்பாத்திலேயே ஓடினார்கள். முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது, மாறிய 19 பேரில் 10 பேரின் பாத எலும்பு மச்சைக்குள் நீர் கோத்திருந்தது. எலும்பு தாங்கக்கூடியதை மீறிச் சுமை ஏறுகிறது என்பதன் அடையாளம் அது.

ஏன் எலும்பு? முன்பாதத்தை ஊன்றி ஓடும்போது முழங்காலின் சுமை குறைகிறது. குறைந்த சுமை காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது கணுக்காலுக்கும் குதிநாணுக்கும், விரல்களுக்குப் பின்னாலுள்ள மெலிந்து நீண்ட ஐந்து எலும்புகளுக்கும் இடம் மாறுகிறது. எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை வந்தால் அது தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும். ஆனால் அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பழையதை அரித்து எடுக்கும் கலங்கள் முதலில் வருகின்றன, புதிதாய்ப் பூசும் கலங்கள் பிறகுதான் வருகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள சில வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். கெண்டைத் தசை அதற்குள் பலம் பெற்று, 'இன்னும் ஓடலாம்' என்று சொல்லத் தொடங்கியிருக்கும். மூச்சும் தசையும் தயார், எலும்பு தயாரில்லை. மயிரிழை விரிசல்கள் விழுவது இந்த இடைவெளியில்தான். உற்சாகமான, நன்றாக ஓடக்கூடிய ஆட்களுக்கே இந்த ஆபத்து அதிகம் என்பதுதான் வருத்தம்.

கரைவலைக்காரரின் பாதத்துக்கு அந்த மாற்றிக் கட்டும் வேலை குழந்தைப் பருவத்திலேயே முடிந்துவிட்டது. இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கர்நாடகக் கரையோரத்தில் ராவும் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரையான 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992இல் ஆய்வை வெளியிட்டார்கள். சப்பாத்துப் போட்ட பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். போடாத பிள்ளைகளில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. விரல்பக்கம் மூடிய சப்பாத்துப் போட்டவர்களிடம் தட்டைப் பாதம் அதிகமாகவும், செருப்புப் போட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. 1995இல் சச்சிதானந்தமும் ஜோசப்பும் வளர்ந்தவர்கள் 1846 பேரைப் பார்த்து, ஆறு வயதுக்கு முன்பே சப்பாத்துப் போடத் தொடங்கியவர்களிடம் தட்டைப் பாதம் கூடுதல் என்று கண்டார்கள். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வாழ்ந்தவர்களை அளந்த பெல்ஜிய ஆய்வாளர் கிறிஸ்டியான் டவூட்டின் 2009 ஆய்வு, அவர்களின் முன்பாதம் அகலமாக இருப்பதையும், நடக்கையில் அழுத்தம் பாதம் முழுக்க ஒப்புரவாகப் பரவுவதையும் காட்டியது. டச்சுக் குடா மணலில் கண்ணால் காண்பதும் அதையேதான்.

அந்தத் தடித்த தோலைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி உண்டு. தோல் காய்த்துப் போனால் தரையின் உணர்வு மழுங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். 2019இல் கென்யாவிலும் அமெரிக்காவிலும் அளந்து பார்த்தபோது, காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் உள்ளங்காலின் தொட்டுணர்வு குறையவில்லை. காய்ப்பு விறைப்பானது; அழுத்தத்தை அப்படியே உள்ளே கடத்துகிறது. மெத்தை அப்படிச் செய்வதில்லை. காய்ப்பு பாதுகாக்கவும் செய்கிறது, சேதியையும் மறைப்பதில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் மண்ணுக்கு வெறுங்கால் புதிதல்ல. புயலில் பாய்மரம் முறிந்து கொட்டியாற்றுக் குடாவுக்குப் பழுதுபார்க்க வந்த 'ஆன்' கப்பலின் ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கினார். 1681இல் வந்த தன் நூலில், சப்பாத்தும் காலுறையும் அரசருக்கு மட்டுமே உரிய உடை என்று அவர் பதிந்திருக்கிறார். இன்றும் கதிர்காமப் பாதயாத்திரை அதே கொட்டியாற்றுப் பக்கத்தைக் கடந்துதான் போகிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படுபவர்கள் திருகோணமலை, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்பு, உகந்தை, குமண என்று ஒரு மாதத்துக்கும் மேலாக நடக்கிறார்கள், பலர் வெறுங்காலோடு. வெருகல் சித்திர வேலாயுதர் கோயில் மரநிழலில் காலை நீட்டி இருக்கும் அடியார்களைப் பார்த்தால், ஆண்டு முழுதும் செருப்போடு திரிந்தவரின் பாதமும் வயலில் நின்ற பாதமும் எதிரெதிரே தெரியும். ஒன்றில் கொப்புளம், மற்றதில் புழுதி மட்டும். யாத்திரையின் வேகம் நடை வேகம். அதனால்தான் பழகாத காலும் இடையில் தேறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஓட்டக்காரர் படிக்க வேண்டிய பாடம் அங்கே கிடக்கிறது.

தரைக்கு வருவோம். நிலாவெளி மணல் மென்மையாய் இருக்கிறதே, அங்கே ஓடினால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். உதிர்மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப் போல் 1.6 மடங்கு சக்தி வேண்டும் என்று 1998இல் பெல்ஜியத்தில் அளந்திருக்கிறார்கள். கால் மணலை நகர்த்தவே அந்தச் சக்தியில் ஒரு பங்கு போய்விடுகிறது; குதி ஆழமாய் இறங்குவதால் குதிநாணும் கூடுதலாக இழுபடுகிறது. அலை நனைத்த ஈரப் பட்டை கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான். போன வழியே திரும்பி வந்தால் அந்த வேறுபாடு ஈடாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கு மேல் தார் வீதியில் வெறுங்கால் வைக்க முடியாது. வெளியில் நெருஞ்சி, கரையில் உடைந்த போத்தல், மழைக்காலத்தில் வயல் நீரோடு வரும் எலிக்காய்ச்சல், நாய்கள் திரியும் மணலில் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழுக் குடம்பிகள் என்று சுத்த வெறுங்காலுக்கு எதிரான காரணங்கள் இங்கே மெய்யானவை. மெல்லிய சப்பாத்தின் முதல் நியாயம் இதுதான்: பாதத்தின் வேலையைப் பறிக்காமல் தோலை மட்டும் காக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடி வெல்லும் பிள்ளையின் படத்தைப் போட்டு நாம் பூரிக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் போட்டுக்கொள்ளச் சப்பாத்து இருந்து கழற்றி வைத்ததா, அல்லது வீட்டில் சோடியே இல்லையா என்பதைக் கேட்க வேண்டும். பயிற்சிக்காக வெறுங்காலைத் தெரிவுசெய்வது ஒன்று. வேறு வழியில்லாமல் அப்படி நிற்பது முற்றிலும் வேறு. அந்தப் பிள்ளை மாகாணமும் தேசியமும் போய் ஓடவேண்டிய செயற்கைத் தளத்தில் எதிரே நிற்பவர் ஸ்பைக்ஸோடு நிற்பார். வெறுங்காலின் பெருமையைச் சொல்லி அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டிய சப்பாத்தை மறுப்பதற்கு இந்த ஆய்வுகளில் எதுவும் இடம் தரவில்லை.

அபேபே பிக்கிலாவின் கதையைக்கூட இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1960இல் உரோமில் சப்பாத்து ஒத்துவராமல் வெறுங்காலோடு மரதன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் உலக சாதனையோடு வென்ற எத்தியோப்பியர் அவர். 1964இல் தோக்கியோவில் சப்பாத்தோடு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் சாதனை படைத்தார். சப்பாத்தின் நிறை ஒவ்வொரு 100 கிராம் கூடும்போதும் ஓட்டத்தின் சக்திச் செலவு ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், ஓடுபொறியின் மேல் 10 மில்லிமீற்றர் மெத்தை விரித்தபோது வெறுங்கால்காரர்களின் செலவு குறைந்தது. மெத்தை இல்லையென்றால் மெத்தையின் வேலையைத் தசை செய்கிறது. அதற்கும் சக்தி வேண்டும். இலேசான, ஓரளவு மெத்தையுள்ள சப்பாத்து வேகத்துக்கு நல்லது. நேரம் குறைக்க விரும்புகிறவர் வெறுங்கால் சப்பாத்தை நம்பி வாங்க வேண்டாம்.

காயத்தைத் தடுக்குமா? 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 12 பரிசோதனைகளை, மொத்தம் 11,240 பேரை, சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலோர் இராணுவப் பயிற்சி பெறுபவர்கள். திருகோணமலைக் கடற்படைக் கல்லூரியிலும் சீனன்குடா விமானப்படைத் தளத்திலும் காலையில் ஓடும் இளைஞர்களைப் போன்றவர்கள். எந்த வகைச் சப்பாத்தாவது ஓட்டக் காயங்களைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. மெல்லியதற்கும் இல்லை, தடித்ததற்கும் இல்லை.

ஆதாரம் இருப்பது பாதத்தின் பலத்துக்குத்தான். 2013இல் எச்சரித்த அதே சாரா ரிட்ஜ் 2019இல் காட்டியது: எட்டு வாரம் மெல்லிய சப்பாத்தோடு நடந்தாலே, ஓடவே வேண்டாம், பாதத் தசைகள் தனியாகப் பாதப் பயிற்சி செய்தவர்களுக்கு இணையாக வலுப்பெற்றன. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில், ஆறு மாதம் அன்றாட வேலைகளுக்கு அதைப் போட்டவர்களின் விரல் மடக்கும் பலம் 57 சதவீதம் கூடியது. ஆகவே நான் யாருக்காவது சொல்வதானால், சந்தைக்கும் கோயிலுக்கும் வேலைக்கும் அதைப் போட்டுக்கொண்டு சில மாதம் நடக்கச் சொல்வேன். பிறகு ஏகாம்பரம் மைதானத்துப் புல்லில், ஓட்டம் முடிந்த பின், சில நிமிடம் மட்டும் அதோடு ஓடலாம். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாய்க் கூட்டலாம். நீண்ட வீதி ஓட்டத்துக்குப் பழைய சப்பாத்தே இருக்கட்டும். கெண்டைக்கால் இறுகினால் அது பழக்கத்தின் வலி; ஓரிரு நாளில் போய்விடும். பாதத்தின் மேற்பக்கத்தை விரலால் அழுத்தும்போது ஒரே இடத்தில் குத்தினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும். நிறை கூடியவர்களுக்கு இந்தச் சப்பாத்தில் காய ஆபத்து அதிகம் என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2017இல் கண்டது. நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் இதை முயலவே கூடாது. மெல்லிய அடி தரும் சேதி அவர்களுக்குப் போய்ச் சேராது.

பெரிய விலை கொடுக்கவும் தேவையில்லை. சப்பாத்துக் கடையில் குதி உயராத, அடி மெல்லிய கான்வஸ் சப்பாத்தை எடுத்து, நடுவில் மடித்துப் பாருங்கள். இலகுவாய் மடிய வேண்டும். வெறுங்காலை ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டின் மேல் சப்பாத்தை வையுங்கள். சின்ன விரல் பக்கத்துக் கோடு வெளியே தெரிந்தால் அந்தச் சோடி வேண்டாம், அடுத்த அளவைக் கேளுங்கள். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் அதற்கு எதுவும் வாங்காமல், மாலையில் குடாக்கரை மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். முதலில் போத்தல் ஓடு கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.